சைபீரியக் குளிர்காற்று கிளம்பினால் பினாங்கில் ஏன் துணி சீக்கிரம் காய்கிறது?

டிசம்பரில் இது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடக்கிறது. மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், கோத்தா பாருவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். அதே நாளில் மேற்குக் கரையில், பினாங்கின் பட்டர்வொர்த் அடுக்குமாடிகளில் காலையில் போட்ட துணி மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். "சீனாவிலிருந்து குளிர்காற்று வருகிறது, கனமழைக்கு வாய்ப்பு" என்ற செய்தி குடும்ப வாட்சாப் குழுவில் சுற்றும். பினாங்கில் இருப்பவர் சன்னலைத் திறந்து பார்ப்பார். நீல வானம். "இவர்கள் சொன்னது எப்போது பலித்தது?" என்று கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார்.

அந்த எச்சரிக்கை சரியானதுதான். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கானது அது. குளிர்காற்று தெற்கே இறங்கும்போது பினாங்கு வாழ்வது ஒரு மலைச்சுவரின் மறைவில். பெரும்பாலான நாட்களில் அந்தச் சுவர் நம்மைக் காக்கிறது. சில நாட்களில் காப்பதில்லை. அந்தச் சில நாட்களை அடையாளம் காண ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குளிர் வளிமுகம் என்றால்

குளிர்ந்த காற்று கனமானது, சூடான காற்று இலேசானது. மளிகைக் கடையில் ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியை மேல்பக்கமாகத் திறந்து வைத்தாலும் உள்ளே குளிர் அப்படியே தங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனமான குளிர்காற்று மேலே எழும்பி வெளியேறாது, அடியிலேயே கிடக்கும். வழி கிடைத்தால் தரையோடு தரையாக வழிந்து ஓடும்.

பூமியின் வடபகுதியில் குளிர்காலத்தில் இது பெரிய அளவில் நடக்கிறது. பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று நகரும்போது, எதிரே இருக்கும் வெதுவெதுப்பான காற்றின் அடியில் ஆப்பு போல நுழைகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைக்குத்தான் குளிர் வளிமுகம் என்று பெயர். வரைபடத்தில் நீல முக்கோணங்கள் வைத்த கோடாக அதைப் பார்க்கலாம். கோடு என்று வரைந்தாலும் உண்மையில் அது ஒரு சாய்தளம், அதுவும் மிகத் தட்டையான சாய்தளம். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏற, அந்த எல்லை 50 முதல் 100 கிலோமீட்டர் வரை பின்னோக்கிப் போக வேண்டும். ஆப்பின் மேல் தூக்கப்பட்ட சூடான காற்று உயரே போய்க் குளிர்ந்து, தன்னிடமுள்ள நீராவியை மேகமாகவும் மழையாகவும் விடுகிறது. வளிமுகம் கடந்து போனதும் காற்றின் திசை மாறும், வெப்பநிலை சட்டென்று இறங்கும், காற்றழுத்தம் ஏறும்.

இது ஹாங்காங்கில் நடக்கிறது, தைவானில் நடக்கிறது. பினாங்கில் இந்த வடிவத்தில் நடப்பதே இல்லை.

சைபீரியாவில் தொடங்கும் கதை

நவம்பர் முதல் சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் பகல் குறுகிவிடும். பனி மூடிய தரை வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். அதன் மேல் இருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, அடுக்கடுக்காகக் குவியும். கடல்மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். இந்தச் சைபீரிய உயரழுத்தத்தின் நடுவில் அது 1040-ஐச் சாதாரணமாகத் தாண்டும், சில சமயம் 1050-க்கும் மேல் போகும். பினாங்கில் எப்போதும் ஏறக்குறைய 1010 தான். இவ்வளவு வேறுபாடு இருந்தால் காற்று சும்மா கிடக்குமா?

தெற்கே நேராக இறங்க முடியாமல் திபெத் பீடபூமியும் இமயமலையும் தடுக்கின்றன. அதனால் குவிந்த குளிர் கிழக்கிலும் தென்கிழக்கிலும் சரிந்து, சீனச் சமவெளி வழியாகத் தென்சீனக் கடலுக்கு வந்து சேர்கிறது. இது ஒரே சீராக ஓடும் ஆறு இல்லை. அடைத்து வைத்துத் திறந்துவிடுவது போல, சில நாட்களுக்கு ஒருமுறை விட்டு விட்டு வரும். அப்படி ஒரு வீச்சு வரும்போது ஹாங்காங்கில் ஒரே நாளில் வெப்பநிலை பல பாகை இறங்குகிறது. 2016 ஜனவரி 24 அன்று அங்கே 3.1 பாகை செல்சியஸ் வரை போனது; 1957-க்குப் பிறகு அந்த நகரம் பதிவுசெய்த மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான்.

ஆகவே நம் ஊர் வானிலையை முன்கூட்டி அறிய விரும்புகிறவர் டிசம்பர், ஜனவரியில் ஹாங்காங் வானிலையை ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். அங்கே திடீரென்று குளிர்ந்து, வடக்குக் காற்று வேகமெடுத்தால், ஓரிரு நாட்களில் அந்த வேகம் கிளந்தான், திரெங்கானு கரையை எட்டும். வானிலையாளர்கள் இதை இன்னும் துல்லியமாக அளக்கிறார்கள். வியட்நாமுக்கு அப்பால், தென்சீனக் கடலில் 15 பாகை வட அட்சரேகையை ஒட்டி, வடக்கிலிருந்து வரும் காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு 8 மீட்டரை, அதாவது மணிக்கு ஏறக்குறைய 29 கிலோமீட்டரைத் தாண்டினால் வீச்சு தொடங்கிவிட்டது என்று கொள்வது ஆய்வாளர்களிடையே வழக்கில் உள்ள ஓர் அளவுகோல்.

கடல் மேல் குளிர் ஈரமாக மாறுகிறது

எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். சீனக் கரையை விட்டுக் கிளம்பும் காற்று குளிர்ந்தது, வறண்டது. கோத்தா பாருவுக்கு வந்து சேரும் காற்று வெதுவெதுப்பானது, நீர் கோத்தது. இடையில் நடந்தது என்ன?

ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் கடல். தெற்கே வர வர அந்தக் கடல் சூடாகிக்கொண்டே போகிறது. நம் கிழக்குக் கரையை நெருங்கும்போது நீரின் வெப்பம் 26, 27 பாகை. குளிர்ந்த வறண்ட காற்று சூடான நீர்ப்பரப்பின் மேல் ஓடும்போது அடியிலிருந்து சூடாகிறது, நீராவியை உறிஞ்சுகிறது. 10 பாகைக் காற்று கொள்ளக்கூடிய நீராவியைப் போல் இரண்டரை மடங்கை 25 பாகைக் காற்று தாங்கும். எனவே ஒவ்வொரு மணி நேரமும் அதன் கொள்ளளவு கூடுகிறது, கடலும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சைபீரியாவிலிருந்து புறப்பட்ட குளிர் வழியிலேயே கரைந்துபோய்விடும். கரைக்கு வந்து சேர்வது வேகமும் ஈரமும்தான்.

அதனால்தான் குளிர் வளிமுகம் என்ற கோடு நம் வரைபடத்துக்கு வருவதற்கு முன்பே மறைந்துவிடுகிறது. இரு பக்கமும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால் எல்லை ஏது? இன்னொரு காரணமும் உண்டு. பூமி சுழல்வதால் காற்று ஒரு பக்கமாக விலகும். அந்த விலகல்தான் குளிர்நாடுகளில் காற்றுத் திரள்களைத் தனித்தனியே பிரித்து, வளிமுகங்களைக் கூர்மையாக வைத்திருக்க உதவுகிறது. பினாங்கு இருப்பது 5.4 பாகை வட அட்சரேகையில். இங்கே அந்த விலக்கு விசை, 45 பாகையில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

"அப்படியானால் டிசம்பர், ஜனவரியில் சில நாள் நமக்கே குளிருகிறதே?" என்று கேட்கலாம். 2018 ஜனவரியில் நாடு முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. நாள் முழுதும் மேகம் சூரியனை மறைத்து, மழையும் விடாமல் பெய்தால் பகல் வெப்பம் ஏறவே வழியில்லை. 23, 24 பாகையிலேயே நின்றுவிடும். உடம்பு உணரும் குளிரில் பெரும்பங்கு அந்த மேகத்தின் வேலை.

மலை என்ன செய்கிறது

ஈரம் சுமந்து வரும் வடகிழக்குக் காற்று முதலில் கிழக்குக் கரையில் மோதுகிறது. நவம்பரிலும் டிசம்பரிலும் கோத்தா பாருவில் மாதத்துக்கு 500 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. பிறகு காற்று தித்திவங்சா மலைத்தொடரில் ஏறுகிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான கோர்பு மலை 2,183 மீட்டர். ஏறும் காற்று குளிர்ந்து, மிச்சமிருக்கும் ஈரத்தையும் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது.

மலையைத் தாண்டி இறங்கும் காற்று வேறு காற்று. மேகம் உருவாகிக்கொண்டே ஏறும்போது அது ஒரு கிலோமீட்டருக்கு 5 பாகை அளவில்தான் குளிர்ந்தது, ஏனென்றால் நீராவி நீராகும்போது வெப்பம் வெளியேறுகிறது. வறண்டு இறங்கும்போதோ ஒரு கிலோமீட்டருக்கு 10 பாகை அளவில் சூடேறுகிறது. ஏறியதைவிடச் சூடாகவும் உலர்ந்தும் அது பேராக், கெடா, பினாங்கு சமவெளிக்கு வந்து சேர்கிறது. பாயான் லெப்பாஸ் பக்கம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சராசரி மழை மாதத்துக்கு 100 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. செப்டம்பர், அக்டோபரில் அது 300-ஐத் தாண்டுகிறது.

நம் பண்டிகைகளை வைத்தே இதைப் பார்க்கலாம். தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வரும். அது காற்றுத் திசை மாறும் பருவம் முடிந்தும் முடியாத நேரம், ஆகவே பினாங்கில் மத்தாப்புக்கும் மழைக்கும் போட்டிதான். தைப்பூசம் வரும்போது வடகிழக்குக் காற்று நன்றாக நிலைத்துவிட்டிருக்கும். தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர்களின் உள்ளங்காலைத் தார்ச்சாலை சுடுவதும், வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் தேவைப்படுவதும் அதனால்தான். ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளின் நீர்மட்டம் பற்றிய கவலை ஆண்டின் தொடக்க மாதங்களில் தலைதூக்குவதும் அதே காற்றால்.

இந்தச் சுவரைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்யுங்கள். பினாங்கில் வெயிலில் கிளம்பியவர் தெமெங்கோர் ஏரியைத் தாண்டி மேலே ஏறும்போது மூடுபனிக்குள் நுழைவார், ஜெலிப் பக்கம் இறங்கும்போது துடைப்பான் தாங்காத மழைக்குள் போவார். அந்தச் சாலையில் மண்சரிவு ஏற்பட்டதுண்டு. பினாங்கு வானத்தைப் பார்த்து அந்தப் பயணத்தை முடிவு செய்யக் கூடாது, கிளந்தான் எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். தென் தாய்லாந்தின் ஹட்யாய்க்கும் இதே கணக்கு. நம்மிடமிருந்து சில மணி நேரப் பயணம்தான் என்றாலும் அது தாய்லாந்து வளைகுடாப் பக்கத்துக் காற்றுக்குத் திறந்திருக்கும் ஊர். அங்கே மழை உச்சம் நவம்பர், டிசம்பரில்தான். 2025 நவம்பர் வெள்ளத்தில் ஹட்யாயில் மலேசியப் பயணிகள் பலர் விடுதிகளில் சிக்கிக்கொண்டது நினைவிருக்கும்.

சுவர் காக்காத நாட்கள்

வடகிழக்குக் காற்று நேர்கோட்டில் வரும்வரை பினாங்குக்குப் பயமில்லை. அது சுழலத் தொடங்கும்போதுதான் கதை மாறுகிறது.

வேகமாக வரும் காற்று தென்சீனக் கடலில், குறிப்பாகப் போர்னியோவின் வடமேற்கே, சில நேரம் சுழியாகச் சுருள்கிறது. வடக்கு அரைக்கோளத்தில் தாழ்வழுத்தச் சுழியைக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அப்படி ஒரு சுழி மேற்கே நகர்ந்து தாய்லாந்து வளைகுடா வழியாக நம் வடக்கே வந்தால் என்ன ஆகும்? சுழியின் தெற்குப் பக்கத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அதாவது பினாங்குக்கு வரும் காற்று மலையைத் தாண்டி வருவதில்லை. அந்தமான் கடலிலிருந்தும் மலாக்கா நீரிணையிலிருந்தும் ஈரத்தோடு நேராக வருகிறது. நமக்குக் கிழக்கே நிற்கும் மலைகள் அப்போது அந்த ஈரத்தைத் தடுத்து நிறுத்தி, நம் பக்கமே கொட்டச் செய்கின்றன.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு அனுபவித்தது ஒரு தாழ்வழுத்தத்தின் விளைவு. பலத்த காற்று மரங்களைச் சாய்த்தது, ஒரே இரவில் பெய்த மழையில் தீவும் செபராங் பிறையும் மூழ்கின, ஏழு பேர் இறந்தார்கள். 2021 டிசம்பர் 16 முதல் 18 வரையிலான நாட்களில் இன்னொரு தாழ்வு குவாந்தான் பக்கமாகத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தது. வழக்கமாகக் கிழக்குக் கரைக்கு உரிய மழை கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டியது, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைகளில் நின்றார்கள், நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இதைவிட அரிதான ஒன்றும் நடந்திருக்கிறது. 2001 டிசம்பர் 27 அன்று குளிர்காற்று வீச்சும் போர்னியோச் சுழியும் சேர்ந்து, நிலநடுக்கோட்டுக்கு வெறும் 1.5 பாகை வடக்கே வாமேய் என்ற புயலை உருவாக்கி ஜொகூரில் கரையேற்றின. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகே புயல் உருவாகாது என்றே அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன.

இந்தச் சுழிகள் நம்மைக் கடந்த பிறகும் முடிந்துவிடுவதில்லை. 2018-இல் தாய்லாந்து வளைகுடாவில் தோன்றிய ஒரு தாழ்வு தீபகற்பத்தைத் தாண்டி அந்தமான் கடலில் இறங்கியது, வங்கக் கடலில் வலுத்தது, நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயலாகக் கரையைக் கடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் இங்கே எத்தனையோ பேர். அவர்கள் ஊருக்குத் தொலைபேசியில் விசாரித்த அந்தப் புயலின் கரு சில நாட்களுக்கு முன்பு நம் தலைக்கு வடக்கே கடந்து போனது.

பினாங்குக்கே உரிய சின்ன வளிமுகம்

பெரிய குளிர் வளிமுகம் இங்கே வராது என்றேன். அதே தத்துவத்தில் இயங்கும் சிறியது ஒன்றைப் பினாங்குக்காரர் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். இடிமழைக்குச் சில நிமிடங்கள் முன்பு, புழுக்கமான காற்றுக்கு நடுவே திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று அறையும் அல்லவா? மழைத்துளிகள் விழும்போது ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிரச் செய்கின்றன. கனத்த அந்தக் காற்று மேகத்திலிருந்து கீழே விழுந்து, தரையில் பரவி, முன்னால் இருக்கும் சூடான காற்றின் அடியில் நுழைகிறது. வெப்பம் சில நிமிடங்களில் நாலைந்து பாகை இறங்கும். தூக்கப்பட்ட சூடான காற்று அடுத்த மேகத்தை உருவாக்கும்.

இதுவே வரிசைகட்டி வந்தால் சுமத்திரா ஸ்குவால். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, இரவில் சுமத்திராவிலும் நீரிணையிலும் உருவாகும் இடிமேக வரிசை விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்குக் கரையைக் கடக்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் அந்த முதல் பத்து நிமிடக் காற்று கடுமையானது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், விடியற்காலையில் சிறு படகில் வலை போடப் போகிறவர்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. மேற்கே வானத்தில் கரிய வளைவு போல மேகம் தெரிந்தால் பாலத்தில் ஏறாமல் காத்திருங்கள். வேலைக்கு அரை மணி தாமதமானால் ஆகட்டும்.

முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது

மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியா தொடர்மழைக்கு மூன்று படிகளில் எச்சரிக்கிறது: மஞ்சள் நிற வஸ்பாடா, ஆரஞ்சு நிற பூரோக், சிவப்பு நிற பஹாயா. இவை நாட்கணக்கில் பெய்யக்கூடிய மழையைப் பற்றியவை. இடிமழை எச்சரிக்கை வேறு வகை. சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். காலையில் வந்த இடிமழை எச்சரிக்கையை மாலையில் மற்றவர்களுக்கு அனுப்புவது தேவையற்ற பதற்றத்தைத்தான் பரப்பும். அனுப்புவதற்கு முன் தேதியையும் நேரத்தையும் பாருங்கள்.

அதைவிட முக்கியம், மாநிலத்தையும் மாவட்டத்தையும் பார்ப்பது. கிளந்தான், திரெங்கானு, பகாங் மட்டும் நிறம் மாறியிருந்தால் வழக்கமான வடகிழக்கு வீச்சு. பினாங்கு பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். அதே வரைபடத்தில் பெர்லிஸ், கெடா, பினாங்கும் நிறம் மாறினால், எங்கோ ஒரு சுழி வேலை செய்கிறது என்று பொருள். அப்போது விண்டி போன்ற செயலியில் காற்று வரைபடத்தைத் திறந்து, தாய்லாந்து வளைகுடாவில் அம்புகள் வட்டமிடுகின்றனவா, பினாங்கின் மேல் அம்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். கிழக்கிலிருந்து வந்தால் நிம்மதி. மேற்கிலிருந்து வந்தால் அன்றிரவு காரைத் தாழ்வான இடத்தில் நிறுத்தாதீர்கள்.

"ஓரிரு இடங்களில் இடியுடன் மழை" என்ற வரியும் பலரைக் குழப்புகிறது. அது பரப்பைச் சொல்கிறது. ஆயர் ஈத்தாமில் கொட்டும்போது பாயான் லெப்பாஸ் காய்ந்திருந்தாலும் அந்த முன்னறிவிப்பு பலித்ததாகவே அர்த்தம்.

மழை தொடங்கிவிட்டால் வானிலைச் செயலியைவிட வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையப் பக்கம் உதவும்; ஒவ்வோர் ஆற்றின் நீர்மட்டமும் எந்தப் படியில் இருக்கிறது என்று அங்கே தெரியும். சுங்கை பினாங்கு கரையோரம் வசிப்பவர்கள் கூடவே கடல் ஏற்ற அட்டவணையையும் பார்க்க வேண்டும். கடல் ஏறியிருக்கும்போது ஆற்று நீர் வெளியேற முடியாமல் பின்வாங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். 2017 நவம்பர் 4 பௌர்ணமி. 2021 டிசம்பர் 18, பௌர்ணமிக்கு முந்தைய நாள். வெள்ளத்துக்குக் காரணம் மழைதான்; வடிய விடாமல் பிடித்து வைப்பதில் கடலுக்கும் பங்குண்டு. வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியிலேயே அந்த நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். எச்சரிக்கை வந்த நாளில் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தரைத்தளத்தில் இருக்கும் முக்கிய ஆவணங்களையும் மருந்துகளையும் மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.